ஒரே நாற்காலி, வேறு தேதி: ஓய்வூதியத்தில் கோடு போடுவது நியாயமா?

வைகைக்கரை எழுதியது:

அரசு ஓய்வூதியம் என்று பேச்செடுத்தாலே "உங்களுக்கென்ன, மாதம் பிறந்தால் பென்ஷன்" என்றுதான் பதில் வருகிறது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். ஓய்வூதியர்களுக்குள்ளேயே தேதியை வைத்துப் பிரிக்கிறார்களே, அதைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பென்ஷன் கோப்புகளோடுதான் பாதி வாழ்க்கை போனது.

தமிழ்நாட்டில் 2020 மே மாதம் ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கினார்கள். மே 31 முதல் ஓய்வு பெற வேண்டியவர்களுக்கு அது பொருந்தும் என்றார்கள். மறு வருடம் பிப்ரவரியில் அதையே 60 ஆக்கினார்கள். சரி, இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1962 ஏப்ரல் 20-இல் பிறந்தவர், இன்னொருவர் மே 10-இல் பிறந்தவர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள். முதலாமவர் 2020 ஏப்ரல் 30-இல் 58 வயதில் வீட்டுக்குப் போனார். இரண்டாமவர் 59-இல் போக வேண்டியவர், அதற்குள் 60 ஆனதால் 2022 மே 31 வரை இருந்தார். பிறப்பில் இருபது நாள் வித்தியாசம். பணியில் இரண்டு வருடத்துக்கும் மேல். இரண்டு வருடச் சம்பளம், இன்கிரிமென்ட், கூடுதல் பணிக்கொடை (கிராஜுவிட்டி), எல்லாவற்றுக்கும் மேல் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுவதும் வரும் பென்ஷன்.

மத்திய அரசிலும் இதே கதைதான். அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதும் பணிக்கொடை உச்சவரம்பு 20 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது, 2024 ஜனவரி 1 முதல். 2023 டிசம்பர் 31 சாயங்காலம் மாலை போட்டு அனுப்பப்பட்டவருக்கு 20 லட்சம்தான் வரம்பு.

இது புதிய வழக்கு அல்ல. 1979-இல் மத்திய அரசு ஓய்வூதியம் கூடும்படி கணக்கீட்டை மாற்றி, அந்த ஆண்டு மார்ச் 31-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்றது. 1972-இல் ஓய்வு பெற்றிருந்த டி.எஸ்.நகாரா உச்ச நீதிமன்றம் போனார். ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பர் 17-இல் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசு பார்த்துக் கொடுக்கும் கருணைத் தொகை அல்ல, செய்த பணிக்கான உரிமை; ஒரே வகுப்பாக இருக்கும் ஓய்வூதியர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாக வெட்டுவது சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான்.

ஆனால் 2025 மார்ச்சில் நிதி மசோதாவோடு சேர்த்து ஒரு பகுதியை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓய்வூதியர்களை வகைப்படுத்தவும், ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபடுத்தவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, எப்போதும் இருந்தது என்கிறது அது. 1972 ஜூன் 1 முதல் முன்தேதியிட்டு! இப்போதைய பலன்கள் எதையும் இது மாற்றாது என்று மாநிலங்களவையில் நிதியமைச்சர் சொன்னார். எட்டாவது ஊதியக் குழு வேலையைத் தொடங்கியிருக்கும் நேரத்தில் பழைய ஓய்வூதியர்களுக்கு அந்த வாக்குறுதி போதுமா என்பதுதான் என் கவலை.

நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குத்தாள் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் வலி புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. அரசு எந்தச் சலுகையை அறிவித்தாலும் அது ஒரு தேதியில்தானே தொடங்க வேண்டும்? தேதி என்று வந்துவிட்டால் அதற்கு முந்தின நாள் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். அந்த நாளில் நிற்பவருக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

நகாரா தீர்ப்போடு சட்டம் நின்றுவிடவில்லை. 1990-இல் கிருஷேண குமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் இருந்த ரயில்வே ஊழியர்கள் நகாராவைக் காட்டிப் பென்ஷன் கேட்டபோது உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வகுப்பு என்றது. 2005-இல் அமர்நாத் கோயல் வழக்கில் பணிக்கொடை உயர்வுக்கு ஒரு தேதியை நிர்ணயிக்க நிதிநெருக்கடியே போதுமான காரணம் என்று ஏற்றுக்கொண்டது. நீங்கள் சொன்ன 20 லட்சம், 25 லட்சம் விவகாரமும் அந்த வகைதான்.

கஜானா ஒன்றுதான். அதிலிருந்து பழையவர்களுக்கு எடுத்தால் புதியவர்களுக்குக் குறையும். புதிய ஆளை வேலைக்கே எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

சார், தேதிக் கோடு என்றால் அது எங்களை வெட்டின மாதிரி யாரையும் வெட்டவில்லை. 1.4.2003. தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் யாரைக் கேட்டாலும் இந்தத் தேதியைத் தூக்கத்திலும் சொல்வார்கள். அதற்கு முன் சேர்ந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், அவர் காலத்துக்குப் பின் குடும்பத்துக்கும் பென்ஷன். அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும்.

எங்கள் பள்ளியில் நானும் இன்னொரு டீச்சரும் ஒரே பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்கள். அவருக்கு முன்னமே ஆணை வந்தது, எனக்குப் பிறகு வந்தது. எனக்கு முதலில் தொகுப்பூதியம், மாதம் ஒரே நிலையான தொகை. அந்த மூன்று வருடமும் நான் நடத்தியது அதே அ, ஆ, இ, ஈ தான். 2006 ஜூன் 1-இல் காலமுறை ஊதியத்துக்கு எடுத்தார்கள். அந்த ஆண்டுகள் பணிக்காலமாகவே எண்ணப்படவில்லை. மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), என் பெயருக்கு நேரே சிபிஎஸ். இரண்டு பேரும் ஒரே சுவரில் சாய்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறோம்.

சிபிஎஸ்ஸில் பணியிலேயே இறந்துபோனவர் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பிடித்த பணம், அரசு போட்ட பணம், வட்டி என்று மொத்தமாக ஒரு தொகை. அதோடு கணக்கு முடிந்தது. குடும்ப ஓய்வூதியம் இல்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும்?

இந்த வேதனையோடு ஒப்பிட்டால் 25 லட்சமா 20 லட்சமா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

டீச்சரம்மா, கோபிக்க ஒன்றுமே இல்லை. 2003 எங்களுக்கும் மறக்காது. புதியவர்களுக்கு சிபிஎஸ், இருப்பவர்களுக்குச் சலுகைப் பறிப்பு என்று ஒரே வருடத்தில் வந்தது. ஜூலையில் வேலைநிறுத்தம், டெஸ்மா என்ற வேலைநிறுத்தத் தடைச் சட்டம், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் பணிநீக்கம். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள். பறித்த சலுகைகள் சில பின்னால் வந்தன. ஆனால் சிபிஎஸ் நின்றுவிட்டது. ஏனென்றால் அன்றைக்கு அதனால் பாதிக்கப்படப் போகிறவர்கள் இன்னும் வேலைக்கே வரவில்லை. போராட்டப் பந்தலில் அவர்கள் இல்லை. நாங்கள் அவர்களுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்குத்தாள் நண்பருக்கு: கோடே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நகாரா தீர்ப்பும் அப்படிச் சொல்லவில்லை. புதிய கணக்கீட்டைப் பழையவர்களுக்கும் கொடு, ஆனால் பணம் குறிப்பிட்ட தேதியிலிருந்து கொடுத்தால் போதும், அதற்கு முந்தைய நிலுவை வேண்டாம் என்றுதான் சொன்னது. பணம் எந்த நாளிலிருந்து என்பதற்குக் கோடு போடுங்கள். கஜானா தாங்காது என்றால் தள்ளிக்கூடப் போடுங்கள். ஆள் எந்த நாளில் வெளியே போனார் என்று பார்த்து, சாகிற வரைக்கும் அவரை ஒரு படி கீழே நிறுத்தி வைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அஞ்சல் நண்பன் எழுதியது:

கம்யூட்டேஷனைப் பற்றியும் பேச வேண்டும். நான் தபால் துறை.

மத்திய அரசில் பென்ஷனில் 40 விழுக்காடு வரை விற்று மொத்தப் பணமாக வாங்கலாம். மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று பெரும்பாலோர் முழுசாக விற்றுவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். பென்ஷன் மாதம் 30,000 என்று வையுங்கள். 40 விழுக்காடு 12,000. 60 வயதில் ஓய்வு பெற்றால் காரணி, அதாவது வயதை வைத்து அரசு அட்டவணையில் போட்ட பெருக்கெண், 8.194. 12,000-ஐ 12-ஆல் பெருக்கி 8.194-ஆல் பெருக்கினால் 11,79,936 ரூபாய் கைக்கு வரும். அதற்காக 15 வருடம் மாதம் 12,000 பிடிப்பார்கள். மொத்தம் 21,60,000.

அந்த அட்டவணை 2008-இல் வந்தது, 8 விழுக்காடு வட்டியில் போட்டது. அந்த 8 விழுக்காட்டிலேயே கணக்குப் போட்டாலும் கடன் ஏறக்குறைய பதின்மூன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும். இன்றைய ஜிபிஎஃப் வட்டியான 7.1 விழுக்காட்டில் போட்டால் பன்னிரண்டே கால் வருடம். மிச்சம் பிடிப்பது எதற்காக? ஐந்தாவது ஊதியக் குழுவே 12 வருடம் போதும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் 12 வருடத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். நமக்கு 1986-இல் உச்ச நீதிமன்றம் காமன் காஸ் வழக்கில் சொன்ன 15 வருடம் அப்படியே நிற்கிறது. வட்டி விகிதம் எத்தனை முறை இறங்கிவிட்டது!

கணக்குத்தாள் எழுதியது:

அஞ்சல் நண்பரே, உங்கள் பெருக்கல் சரி. ஒன்று விடுபட்டிருக்கிறது. கம்யூட் செய்தவர் ஐந்தாம் வருடமே இறந்துவிட்டால் மிச்சப் பணத்தை அரசு யாரிடமும் கேட்பதில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் பிடிப்பதில்லை. அந்த இழப்பை நீண்ட நாள் இருப்பவர்கள்தான் ஈடு செய்கிறார்கள். வங்கிக் கடனோடு ஒப்பிடுவது முழுசாகப் பொருந்தாது.

அதற்காக 15 வருடம் என்பது வேதவாக்கு என்றும் சொல்லவில்லை. மக்கள் இப்போது முன்னைவிட நீண்ட நாள் இருக்கிறார்கள். அப்படியானால் இறப்பினால் வரும் இழப்பும் குறைந்திருக்கும். அட்டவணையைத் திருத்திப் போடச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. அதில் நானும் உங்கள் பக்கம்.

நூல்மில் எழுதியது:

எல்லாம் படித்தேன். நான் அரசு ஊழியன் இல்லை, கோவைப் பக்கம் நூல்மில்லில் வேலை பார்த்தவன். எனக்கு வருவதும் அரசு நடத்துகிற பென்ஷன்தான், பி.எஃப். ஆபீஸ் மூலம். இ.பி.எஸ். 95, அதாவது 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம்.

இதன் கணக்கை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைக்கும்தான் கணக்கு. அதில் 8.33 விழுக்காடு, அதாவது 1,250 ரூபாய் முதலாளி பங்கிலிருந்து பென்ஷன் நிதிக்குப் போகும். பென்ஷன் எவ்வளவு? சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருடம் உழைத்தவனுக்கு 15,000 சம்பளக் கணக்கில் 7,500 ரூபாய். அந்த 15,000 என்பதே 2014 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் 6,500. நான் 2014-க்கு முன்னாலேயே வெளியே வந்தவன். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள்.

இதற்கு அகவிலைப்படி கிடையாது. ஒரு பைசா கிடையாது. நான் முதல் மாதம் வாங்கிய அதே தொகையைத்தான் இன்றைக்கும் வாங்குகிறேன். அரிசி விலை அன்று என்ன, இன்று என்ன?

நீங்கள் எல்லாரும் தேதியால் வெட்டுப்பட்டதாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிற படி என்பதே இல்லை.

சமையற்கூடம் எழுதியது:

நூல்மில் அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் எழுத மனசு வந்தது.

எங்கம்மா சத்துணவில் சமையலர். எம்.ஜி.ஆர். 1982-இல் திட்டத்தை விரிவாக்கின பிறகு சேர்ந்தவர்களில் ஒருத்தர். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு என்றால் அம்மா எட்டு மணிக்கே அடுப்பு மூட்டியாக வேண்டும். அப்போது விறகுதான். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்து சிவந்திருக்கும். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சமைப்பார். பெரிய அண்டாவில் சோறு வடிக்கிறபோது கஞ்சி கொட்டி இடது முன்கையில் தழும்பு. அதே அண்டாவை இறக்கி இறக்கி இடுப்பு போனது.

வேலை முழுநேரம். பள்ளி, பிள்ளைகள், சாப்பாடு எல்லாம் அரசுடையது. ஆனால் ஊழியர் என்று வரும்போது சிறப்புக் காலமுறை ஊதியம், ஓய்வு என்று வரும்போது சிறப்பு ஓய்வூதியம். அந்தச் "சிறப்பு" என்பது 2025-இல் மாதம் 2,000 ரூபாய். அம்மா ஓய்வு பெற்ற அன்று அதே பள்ளியில் ஒரு ஆசிரியரும் ஓய்வு பெற்றார். இரண்டு பேருக்கும் சால்வை போட்டார்கள். சால்வை மட்டும்தான் ஒன்று.

இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் அரசுக் கணக்கில் பகுதிநேர ஆளாக எப்படி ஆனார் என்று யாராவது விளக்குங்கள். ஒரு தேதியைச் சொல்லிக்கூட எங்களைப் பிரிக்கவில்லை. வாசலிலேயே வேறு பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

தங்கச்சி, உங்கம்மா மாதிரி ஒருவர்தான் எங்கள் பள்ளியிலும். நான் விடுப்பில் போனால் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

ஒரு தகவல், உங்கள் அம்மாவுக்கு நேரடியாக உதவாவிட்டாலும் தெரிந்திருக்கட்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடி ஊழியர்கள் போட்ட வழக்கில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. அவர்கள் வாங்குவது மதிப்பூதியம், சம்பளம் இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டுப் பெயரை மாற்றிப் போட்டுத் தப்பிக்க முடியாது என்பது அதிலிருந்து புரிகிறது. சங்கத்தில் சொல்லி, சத்துணவுக்கும் இதை எப்படிக் கேட்கலாம் என்று ஒரு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள்.

பாலாறு எழுதியது:

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எத்தனை நாள் பதவியில் இருந்தாலும் பென்ஷன் உண்டு. 2023 ஏப்ரல் முதல் மாதம் 31,000. ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக 2,500. சமையற்கூடம் அம்மாவின் 2,000-ஐயும் நூல்மில்காரர் சொன்ன குறைந்தபட்ச 1,000-ஐயும் நிர்ணயிக்கும் கைதான் இதையும் நிர்ணயிக்கிறது. இதைச் சொல்லாமல் நியாயத்தைப் பற்றிப் பேச முடியாது.

கணக்குத்தாள் எழுதியது:

பாலாறு சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பணத்தை முழுசாக நிறுத்தினாலும் நூல்மில்காரருக்கு அகவிலைப்படி கொடுக்கப் போதாது. அது மரியாதை சம்பந்தப்பட்ட பிரச்சினை. பணக் கணக்கு வேறு.

நூல்மில் அண்ணன் எழுதியதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. தமிழ்நாட்டில் மாநில அரசு சேர்த்து 2023-இல் 1,200 ஆக்கியது. பக்கத்திலேயே அரசு ஓய்வூதியருக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல், 85-இல் 30, 90-இல் 40, 100-இல் ஒரு மடங்கு. வயதாக ஆகச் செலவு கூடும் என்பதை அரசு ஒரு இடத்தில் ஒப்புக்கொள்கிறது. இன்னொரு இடத்தில் 200 ரூபாயை வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறது. முதுமை ஒன்றுதானே?

இருக்கிற பணத்தில் முதல் ரூபாய் யாருக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், இ.பி.எஸ்., சத்துணவு, முதியோர் உதவித்தொகை. பிறகு சிபிஎஸ் குடும்பங்கள். அதற்கும் பிறகுதான் கம்யூட்டேஷன்.

அஞ்சல் நண்பன் எழுதியது:

வரிசை போடுவதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. நாங்கள் காத்திருந்தால் நூல்மில்காரருக்குப் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இருந்தால் காத்திருக்கலாம். இதுவரை ஒருவருக்குக் குறைத்ததை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. 2004-இல் மத்திய அரசு என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கொண்டுவந்து புதியவர்களுக்குக் குறைத்தது. அந்த 200 ரூபாய் இன்றும் 200 தான்.

என்.பி.எஸ்.காரர்கள் சும்மா இருக்கவில்லை, கேட்டார்கள். அரசின் பங்கு 2019-இல் 14 விழுக்காடு ஆனது. 2003 டிசம்பர் 22-க்கு முன் விளம்பரம் செய்த பதவிகளில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்கு மாற 2023 மார்ச்சில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் முதல் யு.பி.எஸ். (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்), 25 வருடம் முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதி. தமிழ்நாட்டிலும் 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார்கள். கேட்டவர்களுக்குக் கொஞ்சமாவது நகர்ந்தது. ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு நின்றால் யாருக்கும் நகராது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

யு.பி.எஸ். ஆனாலும் தமிழகத் திட்டம் ஆனாலும் ஊழியர் பங்கு 10 விழுக்காடு பிடித்தம் தொடர்கிறது, அதையும் எழுதுங்கள் சார். என் பக்கத்து நாற்காலி டீச்சருக்கு அந்தப் பிடித்தம் இல்லாமலே பாதிச் சம்பளம் பென்ஷன். கோடு அழியவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது. மகிழ்ச்சிதான். போராட்டம் முடிந்தது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாரும் மனதைத் திறந்து எழுதியிருக்கிறீர்கள். கணக்குத்தாள் போட்ட வரிசையில் கீழே இருப்பவர் முதலில் என்பது எனக்குச் சம்மதம். ஆனால் வரிசை என்பது பணத்துக்குத்தான். ஒரே வேலை செய்தவரை ஒரே கண்ணால் பார் என்பதற்கு வரிசை தேவையில்லை; சத்துணவு அம்மாவுக்கும் அதுதான் கேள்வி, டீச்சருக்கும் அதுதான், 2020 ஏப்ரல்காரருக்கும் அதுதான்.

கோடு அழிந்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். நான் நேரில் பார்த்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பணிப்பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். என் தலைமுறைக்காரர்களின் பதிவேடுகளில் ஜூன் மாதப் பிறப்பு கொள்ளையாக இருக்கும். காரணம் எல்லாருக்கும் தெரியும். பள்ளி திறப்பது ஜூனில். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று ஒரு ஜூன் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார் தலைமையாசிரியர். அன்று அவர் போட்ட தேதிதான் ஐம்பது வருடத்துக்கும் மேல் கழித்து ஆள் வெளியே போகும் நாளைத் தீர்மானிக்கிறது. பிறந்த மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. அதாவது ஜூன் 30.

மத்திய அரசில் ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் எல்லாருக்கும் ஜூலை 1-இல் இன்கிரிமென்ட் என்று வைத்தார்கள். ஜூன் 30-இல் போகிறவர் வருடம் முழுவதும் வேலை செய்துவிட்டு, விடிந்தால் கிடைக்க வேண்டிய உயர்வை இழந்தார். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் 3 விழுக்காடு 1,500. பென்ஷனில் பாதி, மாதம் 750. அதன் மேல் அகவிலைப்படி. ஆயுள் முழுக்க.

தமிழ்நாட்டு அரசு இதை முன்னமே சரி செய்தது. 2014 டிசம்பர் 31-இல் நிதித்துறை போட்ட அரசாணை 311, மறுநாள் இன்கிரிமென்ட் வர வேண்டியவருக்குப் பென்ஷன் கணக்குக்காக மட்டும் அதைக் கருத்தியலாக, அதாவது கையில் பணமாக இல்லாமல் கணக்கில் மட்டும், கொடு என்றது. 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையையும் சுட்டிக்காட்டி, ஜூன் 30-இல் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவருக்கு அதே உரிமையைக் கொடுத்தது. நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 11-இல் கர்நாடக மின்தொடரமைப்புக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு வருட வேலைக்கான கூலி அந்த வருடம் முடிந்ததுமே சம்பாதித்ததாகிவிடுகிறது, மறுநாள் பணியில் இல்லை என்பதற்காகப் பறிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் அங்கேயும் ஒரு கோடு மிச்சம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2025 பிப்ரவரி 20 உத்தரவின்படி, வழக்குப் போடாத மற்றவர்களுக்கு உயர்ந்த பென்ஷன் 2023 மே 1 முதல்தான். அதற்கு முந்தைய நிலுவை கிடையாது. இந்தக் கோட்டை நான் எதிர்க்கவில்லை. பணத்துக்குப் போட்ட கோடு இது. ஆள் சமமாகிவிட்டார்.

தாமரைக்குளம் எழுதியது:

ஐயா வணக்கம். இழைக்குப் புதியவன். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து 2011 ஜூன் 30-இல் ஓய்வு பெற்றவர். இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். இப்போது கேட்க முடியுமா? தனியாக வழக்குப் போட வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, வழக்கு வேண்டியதில்லை. 2025 மே 20-இல் மத்தியப் பணியாளர் துறையே ஆணை போட்டிருக்கிறது. அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். வங்கிக்கு எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பி.பி.ஓ.வின் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், கடைசி இன்கிரிமென்ட் 2010 ஜூலை 1-இல் வாங்கியதற்கான சான்று ஏதாவது இருந்தால் அதன் நகல், இரண்டையும் இணையுங்கள். அந்த ஒரு வருடம் முழுசாகவும் திருப்திகரமாகவும் பணி செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உயர்வு பென்ஷனுக்கு மட்டும்தான். பணிக்கொடை, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் எதையும் திருத்த மாட்டார்கள். நிலுவை 2023 மே 1 முதல். அம்மா இருக்கிறார்கள் என்றால் குடும்ப ஓய்வூதியத் தொகையும் இதனால் மாறுமா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சித்தப்பா டிசம்பர் 31-இல் ஓய்வு பெற்றவர், 2019. அவருக்கும் உண்டா?

வைகைக்கரை எழுதியது:

உண்டு, அவருடைய இன்கிரிமென்ட் தேதி ஜனவரி 1 ஆக இருந்தால். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஜனவரி 1, ஜூலை 1 என்று இரண்டு தேதி. அவர் ஜூலைக்காரர் என்றால் அந்த வருட உயர்வை ஏற்கெனவே வாங்கியிருப்பார். கடைசி வருடச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், அடுத்து எங்கே எழுதுவது என்று பார்ப்போம்.